அரசே வீட்டுக்காரர் ஆனால்

அத்திபெலேயில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், லைன் வீடுகளில் குடியிருப்போர் வானத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் சுவரைப் பார்ப்பதே மிகுதி. ஒரே கூரையின்கீழ் எட்டு அறைகள், எட்டு அடுப்புகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓசூருக்கும் பொம்மசந்திரத்துக்கும் ஆலை வேலைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல இத்தகைய அறைகளில்தான் வாழ்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியிருந்த அறையின் வடக்குச் சுவரில் ஓதம் ஏறிற்று. முதல் வாரம் உள்ளங்கை அகலம். மூன்றாம் வாரம் நாளிதழை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. என் தாயார் வீட்டுக்காரரிடம் சென்று சொன்னார். “நோடோணம்மா” என்றார் அவர். பார்க்கலாம் என்பதற்குக் கன்னடம் அது. பார்க்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியன்று தாயார் வாடகைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “முதலில் மேல்தளத்தை அடையுங்கள், பிறகு பணம்” என்று அவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நான்கே நாளில் கொத்தனார் வந்தார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் குடியிருப்பவருக்குத் துணையாக இருந்தவை இரண்டு. வீட்டுக்காரர் தெருவுக்கு எதிரே இருந்தார்; அவருக்குத் தேவையான பணம் இவர் கையில் இருந்தது. இனி, வீட்டுக்காரர் ஒரு தனி மனிதர் அல்லர், அரசு அல்லது மாநகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தெருவில் யாரும் இல்லை. வாடகை மிகக் குறைவு. அதை நிறுத்தி வைத்தாலும் பெரிய அலுவலகத்தின் கணக்கில் அது ஒரு துளி. முறையிட வேண்டும் என்றால் யாரைப்பற்றி முறையிடுகிறோமோ அவரிடமே முறையிட வேண்டும். இந்நிலையில் கணக்குக் கேட்பவர் யார் என்பதே நாம் ஆராயப் புகும் கேள்வி.

ஓசூர் சாலை வழியாக வடக்கே சென்று, கோரமங்கலத்தை ஒட்டியுள்ள ஈஜிபுரத்தை எண்ணிப் பாருங்கள். பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கென்று பெங்களூரு மாநகராட்சி 1990-களின் தொடக்கத்தில் அங்கே 1,512 வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டியது. அங்குக் குடியேறியவர்களில் நம் மக்கள் மிகப் பலர். வீட்டு வேலை, துப்புரவு வேலை, கட்டட வேலை செய்வோர். கட்டி முடித்துப் பத்தாண்டு அளவிலேயே, 2003-ஆம் ஆண்டில், ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. இடிபாடு அதனோடு நிற்கவில்லை. பின்னரும் தொகுதிகள் சரிந்தன. எஞ்சியவை பாதுகாப்பற்றவை என்று அறிவிக்கப்பட்டன. அந்நிலத்தின் ஒரு பகுதியில் வணிக வளாகமும் மற்றொரு பகுதியில் புதிய வீடுகளும் எழுப்புவதாக ஒரு தனியார் நிறுவனத்தோடு மாநகராட்சி உடன்படிக்கை செய்துகொண்டது. 2013 ஜனவரியில் இயந்திரங்கள் வந்தன. அங்கே எஞ்சியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தகரக் கொட்டகைகளும் தரைமட்டமாயின.

அந்த நாட்களைப்பற்றி எழுதியவர்கள் நிலத்தைப்பற்றியும் வணிக வளாகத்தைப்பற்றியும் எழுதினார்கள். அது வேண்டியதே. ஆனால் எனக்குத் தோன்றும் கேள்வி அதற்கு முன்னையது. ஒரு கட்டடம் ஒரே இரவில் பாதுகாப்பற்றதாகிவிடுவதில்லை. குடியேறிய நாளுக்கும் முதல் தொகுதி விழுந்த நாளுக்கும் இடையே எத்தனை மழைக்காலங்கள் கடந்திருக்கும்? ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாரோ ஒருவர் கூரையைப் பார்த்து, ‘இங்கே ஒழுகுகிறது’ என்று சொல்லியிருப்பார் அல்லவா? அந்தச் சொற்கள் எங்கே போயின?

அறிவியல் மாணவன் என்ற முறையில் இங்கே சிறிது நின்று, ஒழுக்கு எவ்வாறு இடிபாடாகிறது என்பதை விளக்க விரும்புகிறேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவினின்றும் காப்பது, அதைச் சூழ்ந்துள்ள சிமெண்டின் கடுமையான காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் துளைகளில் உள்ள நீரின் பி.எச். எண் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரச் சூழலில் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிந்து கவசமாக நிற்கிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமிலவாயு நாளுக்கு நாள் கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே செல்கிறது. பி.எச். எண் 9 அளவுக்கு இறங்கியதும் கவசம் கலைகிறது. அதன்பின் ஈரமும் உயிர்வாயுவும் சேர்ந்தால் போதும்; துரு பிடிக்கத் தொடங்குகிறது. துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடமில்லாமையால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே மெல்லிய கீறல். பிறகு பழுப்புக் கறை. பிறகு பூச்சு உதிர்தல். இறுதியில் கம்பி பல்லிளித்து நிற்கும் கூரை.

இதில் ஒரு கணக்கும் உண்டு. கரியமிலவாயு ஊடுருவும் ஆழம், ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. கூரைத் தளத்தின் கம்பிக்குக் குறைந்தது இவ்வளவு கான்கிரீட் மூடாக்கு வேண்டும் என்று இந்தியத் தர விதி வகுத்துள்ளது. கட்டுவோர் அதில் பாதியைக் கவனக்குறைவால் விட்டுவிட்டால் கட்டடத்தின் காப்புக் காலமும் பாதியாகும் என்று நாம் எண்ணுவோம். பாதியன்று, கால் பங்காகிவிடும்! நாற்பது ஆண்டு காக்க வேண்டியது பத்தாண்டில் கைவிடும். இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா. உடைந்த கான்கிரீட்டின் புதுமுகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நலமான பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நலிந்த பகுதி நிறமற்று நிற்கும். பள்ளி ஆய்வுக்கூடத்துப் புட்டியில் இருக்கும் அதே கரைசல்தான். ஆனால், எந்த வீட்டில், எந்த மூலையில் தெளிக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் ஒருவரே. அந்தக் கூரையின்கீழ் நாள்தோறும் படுத்துறங்குபவர்.

எனவே, பொது வீடுகளின் பராமரிப்பை மேற்பார்வை செய்வது என்பது, குடியிருப்பவர் கண்ட செய்தி பழுது பார்ப்பவரை அடையும் வரை அதனைத் தொலையாமல் காப்பதே ஆகும். இதில் தவறிப் பாடம் கற்ற நாடு இங்கிலாந்து. ஆகவே அதன் கதையைச் சற்று விரிவாகவே காண்போம்.

அங்கே நகர மன்றங்கள் வீடு கட்டி வாடகைக்கு விடும் முறை, குடியிருப்போரின் போராட்டத்தினூடே வளர்ந்தது. முதல் உலகப் போரின்போது, 1915-இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகை ஏற்றத்தை எதிர்த்து மேரி பார்பர் என்னும் பெண்மணியும் அவரைச் சேர்ந்த மகளிரும் வாடகை கொடுக்க மறுத்தனர். வெளியேற்ற வரும் அலுவலரைக் கண்டதும் மணியடித்து அண்டை அயலாரைத் திரட்டினர். அவ்வாண்டிலேயே அரசு வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தது. 1919-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், நகர மன்றங்கள் அரசின் பொருளுதவியோடு பெருமளவில் வீடு கட்ட வழிவகுத்தது. 1980 வாக்கில் அந்நாட்டுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இத்தகைய வீடுகளில் வாழ்ந்தது. அவ்வாண்டு முதல் குடியிருப்போருக்கே வீடுகளை விற்கும் கொள்கை வந்தது. வீடுகள் குறைந்தன. எஞ்சிய வீடுகளில் ஏழைகள் எஞ்சினர். அவர்கள் குரலின் மதிப்பும் குறைந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அதன் விளைவை உலகம் 2017 ஜூன் 14-ஆம் நாள் கண்டது. இலண்டன் மாநகரில் கிரென்பெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. 72 பேர் மாண்டனர். சுவருக்குப் புறத்தே அழகுக்கும் வெப்பக் காப்புக்குமாகப் பொருத்திய தகடுகளே தீயை ஏணிபோல் மேலே ஏற்றின. நெஞ்சை உறுத்தும் செய்தி வேறொன்று. அங்குக் குடியிருந்தோர் தம் கட்டடத்தின் தீப் பாதுகாப்புப்பற்றிப் பல முறை எழுதி எச்சரித்திருந்தனர். அதிலும், அதை நிருவகித்த அமைப்பு ‘குடியிருப்போர் நிருவாக அமைப்பு’ என்ற பெயரையே தாங்கியிருந்தது. பெயரில் குடியிருப்போர் இருந்தனர், செவியில் இல்லை.

அடுத்தது சிறியதொரு துயரம், ஆனால் நம் லைன் வீட்டுச் சுவருக்கு மிக நெருங்கியது. ராச்டேல் என்ற ஊரில், முன்பு நகர மன்றத்துக்கு உரியனவாயிருந்து பின்னர் ஒரு பொது வீட்டுவசதிச் சங்கத்தின் கைக்கு மாறிய வீடுகளுள் ஒன்றில் அவாப் இஷாக் என்ற குழந்தை வாழ்ந்தது. சுவரெங்கும் ஓதம், ஓதத்தில் கரும் பூஞ்சணம். தந்தை 2017-லேயே முறையிட்டார். வண்ணம் பூசிக்கொள்ளும்படி சொன்னார்கள். பூசினார், பூஞ்சணம் மீண்டும் வந்தது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், மூச்சுக் கோளாறால் குழந்தை இறந்தது. பூஞ்சணமே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளின் பின் எழுந்ததே 2023-ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம். அதன் உட்பொருள் மூன்று கடிவாளங்கள். முதலாவது, ஒழுங்குமுறை ஆணையம் தானே சென்று சோதிப்பது. 2024 ஏப்ரல் முதல், ஆயிரம் வீடுகளும் அதற்கு மேலும் உடைய ஒவ்வொரு நகர மன்றத்தையும் சங்கத்தையும் ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒரு முறை ஆய்ந்து, ஒன்று முதல் நான்கு வரை தரமிட்டு ஊரறிய வெளியிடுகிறது. இரண்டாவது, குறைதீர்ப்பு நடுவர். முறையீடு வந்தால் 5 வேலை நாட்களுக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாக எழுத வேண்டும். அதன்பின் 10 வேலை நாட்களுக்குள் விடை தர வேண்டும். விடையில் மனநிறைவு இல்லையெனில் மேல்முறையீடு. அதற்கும் தீர்வில்லையெனில் நடுவரிடம் செல்லலாம். மூன்றாவது அந்தக் குழந்தையின் பெயராலேயே வழங்கும் ‘அவாப் சட்டம்’. 2025 அக்டோபர் 27 முதல் அது நடைமுறையில் உள்ளது. உயிருக்கு ஊறு செய்யும் அவசரக் கேடு என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கேடு விளைக்கத்தக்க ஓதமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆராய்ந்தபின் 5 வேலை நாட்களுக்குள் வீட்டை ஆபத்தற்றதாக்க வேண்டும். ‘நோடோணம்மா’ என்பதற்கு அங்கே இனி ஒரு கெடு உண்டு.

என்னைப் பெரிதும் கவர்ந்தது, இவர்கள் அளக்கும் முறை. ஒவ்வொரு நிருவாகமும் ஆண்டுதோறும் 22 அளவைகளை வெளியிட வேண்டும். அவற்றுள் 10 நிருவாகத்தின் ஏடுகளிலிருந்து எடுப்பவை. குறித்த காலத்தில் எத்தனைப் பழுதுகள் நீக்கப்பட்டன, தீ, எரிவாயு, மின்தூக்கி முதலியவற்றின் பாதுகாப்புச் சோதனைகள் முடிந்தனவா என்பன போன்றவை. மற்ற 12-உம் குடியிருப்போரையே கேட்டுப் பெறுபவை. உன் வீடு பத்திரமானதென்று கருதுகிறாயா? நீ சொன்னதைக் காதில் வாங்கி அதன்படி செய்கிறார்களா? உன்னை மதிப்போடு நடத்துகிறார்களா?

ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவோர் இதன் அருமையை உடனே உணர்வர். ஒரே கருவியை நம்பி யாரும் முடிவு கூறுவதில்லை. வேறு முறையில் இயங்கும் மற்றொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏடு ‘நூற்றுக்கு 95 பழுதுகள் காலத்தில் முடிந்தன’ என்கிறது என்றும், குடியிருப்போருள் பாதிப்பேர் ‘முடியவில்லை’ என்கிறார்கள் என்றும் கொள்வோம். இரண்டுள் ஒன்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போனதும் ‘முடிந்தது’ என்று ஏட்டில் குறித்திருக்கலாம். ஒழுக்கு நின்றதா என்பது ஏட்டில் ஏறாது. ஓர் எண்ணையே குறிக்கோளாக்கிவிட்டால், நாளடைவில் அந்த எண் உண்மையைக் காட்டாமற் போகும் என்பதைப் பொருளியல் வல்லுநர் சார்லஸ் குட்ஹார்ட் பெயரால் ஒரு விதியாகவே வழங்குகிறார்கள். ஏட்டு எண்ணுக்கும் மக்கள் சொல்லுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளிதான் மேற்பார்வையாளர் தோண்ட வேண்டிய இடம்.

அங்கே தோண்டுபவர்களும் குடியிருப்போரே. பல ஊர்களில் குடியிருப்போர் ஆய்வுக் குழுக்கள் உண்டு. தையற்காரர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், குழந்தை வளர்க்கும் தாய் என்று பத்துப் பன்னிருவர் கூடுவர். ஓர் ஆண்டு மின்தூக்கிப் பழுதை எடுத்துக்கொள்வர். மற்றோர் ஆண்டு மாடிப்படித் துப்புரவை. முறையீட்டுக் கோப்புகளைப் பெயர் மறைத்து வாங்கிப் படிப்பர். தாமே முறையீட்டுத் தொலைபேசியை அழைத்து, எத்தனை நிமிடம் காத்திருக்க வைக்கிறார்கள் என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பர். பிறகு அறிக்கை, அறிக்கைக்கு மன்றம் விடை கூற வேண்டும். எல்லாக் குழுக்களும் சிறப்பாக நடப்பதாகச் சொல்வதற்கில்லை. தேநீரும் ரொட்டியும் தந்து தலையசைக்க வைக்கும் குழுக்களும் இருக்கும். எந்த நாட்டுக் குழுவுக்கும் பொருந்தும் நோய் அது.

நம்மவர் பல்லாயிரவர் வாழும் சிங்கப்பூரில் முறை வேறு. 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்ககங்களின் பொது இடங்களையும் மின்தூக்கிகளையும் நகர மன்றங்கள் பராமரிக்கின்றன. அம்மன்றங்களின் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கிச் செயல், கட்டண நிலுவை முதலியவற்றுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்டு அரசு 2010 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. படிக்க எளிது. ஆனால் குடியிருப்போரின் சொல்லை எண்ணாக்கிப் பக்கத்தில் நிறுத்தும் பிரிட்டிஷ் முறையே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

தாயகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிற்று. அவ்வாண்டே அதற்கு இரு சோதனைகள். ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பின் புதிய அடுக்ககத்தில், கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்வதைக் குடியிருப்போர் எடுத்துக் காட்டினர். தரத்தை ஆராய ஐ.ஐ.டி. வல்லுநர்கள் அமர்த்தப்பட்டனர். டிசம்பர் 27-ஆம் நாள் திருவொற்றியூரில், 1990-களில் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி சரிந்து விழுந்தது. இருபதுக்கு மேற்பட்ட வீடுகள் மண்ணாயின. ஓர் உயிரும் போகவில்லை. சுவர் விரிவதைக் கண்டவர்கள் உடனே சொன்னார்கள். சொன்னதைக் கேட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். விழுவதற்குச் சற்று முன்னர்தான்.

நம் நாட்டில் சிக்கல் ஒன்று மிகுதியாக உண்டு. இங்கிலாந்தில் குடியிருப்பவர் வாடகைக்காரர், வீடு மன்றத்துடையது, ஐயமில்லை. இங்கே பல திட்டங்களில் வீடு தவணை முறையில் ஒதுக்கப்படுகிறது. பணம் கட்டி முடியும் வரை வீடு யாருடையது, மேல்தளத்து ஒழுக்கை யார் அடைக்க வேண்டும் என்பது இருவர்க்கும் இடையே ஊசலாடும். ஒதுக்கீடு பெற்றவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர் என்றால் சொல்லவே வேண்டா. இதற்கு மருந்தாகத் தமிழ்நாட்டில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டம் வந்துள்ளது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புக் கட்டணம் திரட்டினால், அரசும் ஈடாகத் தன் பங்கைத் தரும். நல்லதே. எனினும் படிக்கட்டு விளக்கைச் சங்கம் மாற்றலாம். தூணின் கம்பி துருப்பிடித்தால் சங்கம் என் செய்யும்? அது கட்டியவர் பொறுப்பு. பொறுப்பைப் பகிரும்போது எல்லைக் கோட்டையும் எழுதி வைக்க வேண்டும்.

கருநாடகத்தில் நம் கைக்கு எட்டும் கருவி ஒன்று உள்ளது. 2011-ஆம் ஆண்டின் சேவை உறுதிச் சட்டம், ‘சகாலா’ என்ற பெயரில் யாவரும் அறிந்தது. சாதிச் சான்றிதழ் போன்றவற்றைக் குறித்த நாளுக்குள் தராவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், மொத்தம் 500 ரூபாய் வரை விண்ணப்பித்தவர்க்கு ஈடு தர வேண்டும் என்கிறது அச்சட்டம். தொகை சிறிதுதான். ஆனால் விண்ணப்பத்துக்கு எண்ணும் கெடுவும் உண்டு. தவறியவர் இன்னார் என்று தெரிந்துவிடும். அரசு வீடுகளில் ஒழுக்கு, மின்கசிவு, மின்தூக்கிப் பழுது ஆகியவற்றுக்கும் இக்கடிகாரத்தைப் பூட்டுவதில் என்ன தடை?

அதுவரை, நம் மன்றத்து நண்பர்கள் பொதுக் குடியிருப்புகளுக்குத் தொண்டு செய்யச் செல்லும்போது ஒரு காரியம் செய்யலாம். தொகுதிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. பழுது கண்ட நாள், யாரிடம் சொன்னோம், என்ன விடை, மீண்டும் ஒழுகிய நாள் என்று நான்கே பத்திகள். படம் எடுக்கும்போது கீறலின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுங்கள், அளவு தெரியும். கீறல் வளர்கிறதா என்று ஐயம் எழுந்தால், மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் கீறலின் குறுக்கே இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, அன்றைய தேதியை அதன்மேல் எழுதிவிடுங்கள். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். உடைந்தால், உடைந்த நாளை நோட்டில் குறித்து, அன்றே அந்தப் பக்கத்தைப் படியெடுத்துப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.